மடக்குக் கத்தி இறுகிவிட்டதா?

என்னிடம் இருப்பது விக்டோரினாக்ஸ் ஸ்விஸ்சாம்ப்; கத்தி, ரம்பம் எனப் பல கருவிகள் ஒன்றாக மடங்கும் வகை. 33 வேலை செய்யும், எடை 185 கிராம். சட்டைப் பையில் போட்டால் பை தொங்கிவிடும்; பெல்ட்டில் உறை மாட்டிக்கொள்வதுதான் சரி.

குற்றால சீசனில் மாங்காய் நறுக்குவது இதில்தான். போன வருஷம் மாங்காய்ப் பால் உள்ளே இறங்கிக் காய, அதன்மேல் தேரிக்காட்டுச் செம்மணலும் ஒட்டிக்கொண்டது. ரம்பத்தை நகத்தால் இழுத்தேன். நகம்தான் பிளந்தது, ரம்பம் அசையவில்லை.

தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். நாளாக நாளாகப் பிசுக்காகி இன்னும் இறுக்கும். எல்லாவற்றையும் விரித்து, வெதுவெதுப்பான நீரில் அமுக்கி, ஒவ்வொன்றையும் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். பழைய பல் பிரஷ்ஷால் இடுக்குகளைத் தேயுங்கள். செம்மண் கலங்கி வெளியே வருவது கண்ணுக்கே தெரியும். துடைத்து, விரித்தபடியே நன்றாக உலர விட்டு, அப்புறம் ஒவ்வொரு கீலிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரே சொட்டு. பழம் வெட்டுமுன் அலகில் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிடுங்கள்.

ஒன்று முக்கியம். இந்தக் கத்தியின் அலகுக்குப் பூட்டு கிடையாது. ஊன்றிக் குத்தினால் மடங்கி விரலில் விழும். நுங்கு சீவ அரிவாளையே எடுங்கள், இதை வைத்து முயலவே வேண்டாம். அலகை நெம்புகோலாக்கினாலும் முனை ஒடிந்துவிடும்.

வாகைக்குளத்தில் (தூத்துக்குடி விமான நிலையம்) விமானம் ஏறுகிறவர்கள் கைப்பையில் வைக்காமல், செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.