பாட்டைப் படப்புத்தகமாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எல்லோருக்கும் தெரிந்த பாட்டு ஒன்று, வரைய நல்ல ஓவியர் ஒருவர் இருந்தால் குழந்தைகளுக்கான புத்தகம் தயார் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பாட்டில் பாதி வேலையைச் செய்வது மெட்டு. அச்சில் அது இல்லாததால் அந்த வேலையையும் படம்தான் செய்தாக வேண்டும்.

அதனால்தான் வரி சொன்னதையே திரும்ப வரைவதைப் பெரிய தவறு என்கிறேன். பாரதியின் பாப்பாப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். எத்தித் திருடும் காக்கைக்கும் இரக்கப்பட வேண்டும் என்கிறார் அவர். வடையைக் கவ்விப் பறக்கும் காகத்தை வரைந்தால் திருட்டு மட்டும்தான் தெரியும், இரக்கம் எங்கே? மரக்கிளையில் ஒரு கூடு, அதில் வாய் பிளந்து காத்திருக்கும் குஞ்சுகள் என்று வரைந்து பாருங்கள். ஏன் இரக்கப்பட வேண்டும் என்பதைக் குழந்தை தானே கண்டுபிடித்துக்கொள்ளும்.

அடுத்தது, வரைய எளிதானதை வைத்துக்கொண்டு கடினமானதை வெட்டுவது. அந்தப் பாட்டில் 16 கண்ணிகள், அதாவது சின்னச் சின்னப் பத்திகள். இரண்டு ஃபாரம், அதாவது 32 பக்கப் புத்தகத்தில் தலைப்பு, பதிப்பு விவரம் எல்லாம் போகச் சுமார் 14 இரட்டைப் பக்கங்கள் கிடைக்கும். கண்ணிக்கு ஓர் இரட்டைப் பக்கம் என்றால் எதையாவது சுருக்கித்தான் ஆக வேண்டும். அப்போது கோழி, பசு, நாய், குதிரை எல்லாம் தப்பித்துவிடும்; சாதி இல்லை என்ற கண்ணியும், பாதகம் செய்பவரை மிதித்து முகத்தில் உமிழச் சொல்லும் கண்ணியும் பலியாகும். பாரதி குழந்தையை நம்பிச் சொன்னதையே எடுத்துவிட்டால் மிஞ்சுவது ஒரு பிராணிகள் புத்தகம்தான். கோழியும் காக்கையும் வரும் கண்ணியையும், பசுவும் நாயும் வரும் கண்ணியையும் ஒரே முற்றத்தில் சேர்த்து வரைந்து இடத்தை மிச்சப்படுத்தலாமே. சாதி பற்றிய கண்ணிக்கு, ஒரே பானையில் தண்ணீர் மொண்டு குடிக்கும் பிள்ளைகள் போதும். பாதகனுக்கு முகம்கூட வேண்டாம். தரையில் நீளும் ஒரு நிழல், அதன் முன் உறுதியாக ஊன்றிய இரண்டு சின்னக் கால்கள். வார்த்தையை மட்டும் மாற்றாதீர்கள்.

சினிமாப் பாட்டென்றால் ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் பல்லவி திரும்ப வரும். இடம் போகிறதே என்று அதைத் தூக்கிவிடுகிறார்கள். குழந்தை கூடச் சேர்ந்து கத்தப்போகும் வரியே அதுதான். பல்லவி இருக்கட்டும், படம் நகரட்டும்: அதே தெரு காலையில், உச்சி வெயிலில், விளக்கு வைக்கும் நேரத்தில். அப்புறம், சினிமாவில் அந்தப் பாட்டுக்கு நடித்தவரின் முகத்தை வரைய வேண்டாம். இன்றைய குழந்தைக்கு அந்தக் காட்சி தெரியாது. தனக்கென ஒரு கதையை அது பாட்டில் தேடும்.

பாட்டைக் கேட்டு எழுதுவதும், இணையத்திலிருந்து அள்ளி ஒட்டுவதும் ல, ள, ழ பிழைகளைக் கொண்டுவரும். கவிஞரின் அச்சான தொகுப்போடு ஒப்பிட்டுவிடுங்கள். குழந்தை எழுத்துக்கூட்டிப் படிக்கப்போகும் புத்தகம் இது.

உரிமை விஷயத்தில்தான் புத்தகமே நின்றுபோகும் ஆபத்து இருக்கிறது. நாலு வரி வரை இலவசம், கவிஞர் பெயரைப் போட்டால் போதும் என்று சொல்வதை நம்பாதீர்கள். இந்தியச் சட்டப்படி, எழுதியவர் மறைந்த ஆண்டுக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. பாரதி பாடல்களின் உரிமையை 1949இல் அரசு கையகப்படுத்தி, பின்னர் பொதுவாக்கியது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் நூல்களும் நாட்டுடைமையாகிவிட்டன. கண்ணதாசன் மறைந்தது 1981இல். எனவே அவர் வரிகளுக்கு 2041 முடியும்வரை அனுமதி வேண்டும். சினிமாப் பாட்டின் உரிமை தயாரிப்பாளரிடமோ இசை நிறுவனத்திடமோ இருக்கலாம். கவிஞரின் குடும்பம் சரி என்று சொன்னதோடு நிற்காமல் ஒப்பந்தத்தைக் கேட்டுப் பாருங்கள். க்யூஆர் கோடு வைத்துப் பாட்டை ஒலிக்கவிடுவதென்றால் ஒலிப்பதிவுக்குத் தனி அனுமதி. அச்சுப் புத்தகம், மின்நூல், எத்தனை பிரதி, எந்த மொழி என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

இவ்வளவும் ஓவியர் பென்சிலை எடுப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அனுமதி கிடைக்காமல் போனால் வீணாவது அவருடைய பல மாத உழைப்பு. அவரோடும் எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். அவர் பெயரை உள்பக்க மூலையில் பொடி எழுத்தில் போடாமல், கவிஞரின் பெயரோடு அட்டையிலேயே போடுங்கள்.