செங்கோட்டை வட்டார வரலாற்றை எழுதப் புறப்படுகிறவர்களுக்கு

1940இல் செங்கோட்டையில் ஒருவர் வயல் வாங்கியிருந்தால், அந்தப் பத்திரம் திருவிதாங்கூர் சர்க்காரின் சங்கு முத்திரைத் தாளில் இருக்கும். தேதி மலையாள நாட்டு வழக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும். அதே நாளில் எட்டு கிலோமீட்டர் கிழக்கே தென்காசியில் எழுதிய பத்திரம் மதராஸ் மாகாணத்தின் தாளில், ஆங்கிலத் தேதியோடு இருக்கும். இரண்டு ஊருக்கும் ஒரே பேச்சு, ஒரே சாரல், ஒரே சந்தை, பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. காகிதம் மட்டும் வேறு வேறு தலைநகரங்களுக்குப் போனது. செங்கோட்டை வரலாறு எழுத வருகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். திருநெல்வேலியிலும் சென்னையிலும் தேடிவிட்டு, "ஆதாரம் எதுவும் இல்லை" என்று முடித்துவிடுகிறார்கள். ஆதாரம் இருக்கிறது, மலைக்கு அந்தப் பக்கம்.

ஆகவே எந்தச் செய்தியைக் கையில் எடுத்தாலும், முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அன்றைக்கு இந்த இடம் யார் ஆட்சியில் இருந்தது? இதற்கு ஒரு முழுத்தாளில் காலக்கோடு போட்டு மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் கொட்டாரக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட இளையிடத்து சொரூபம் என்ற சிற்றரசு. 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா அதைத் திருவிதாங்கூரோடு சேர்த்த பிறகு, கொல்லம் டிவிஷனில் ஒரு தாலுகா. 1949 ஜூலை 1 முதல் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலத்தின் திருநெல்வேலி மாவட்டம். 2019 நவம்பரிலிருந்து தென்காசி மாவட்டம். நடுவில் சில ஆண்டுகள் திருநெல்வேலிக்கு நெல்லை கட்டபொம்மன் மாவட்டம் என்று பெயர் இருந்ததையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளின் கோப்புகளில் 'திருநெல்வேலி' என்று தேடினால் கிடைக்காது.

இந்தக் காலக்கோடு எப்படி உதவும் என்பதற்கு ஊரறிந்த நிகழ்ச்சி ஒன்றே போதும். வாஞ்சிநாதன் செங்கோட்டையில் பிறந்தவர், புனலூரில் காட்டிலாகாவில் வேலை பார்த்தவர். ஆக அவர் திருவிதாங்கூர்க் குடிமகன், திருவிதாங்கூர் சர்க்கார் ஊழியர். திருநெல்வேலி கலெக்டர் ஆஷை அவர் சுட்டது 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், அதாவது ஆங்கிலேயர் நேரடியாக ஆண்ட மண்ணில். எனவே குடும்பம், வேலை சார்ந்த காகிதங்களைத் திருவனந்தபுரத்தில் தேட வேண்டும். கொலை வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்தது, அதன் தடத்தைச் சென்னையில் பிடிக்க வேண்டும். ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. ஒரே நாளில் நடந்த ஒரே செயலுக்கு மூன்று ஊர் அலைய வேண்டியிருக்கிறது. ஊரின் மற்ற செய்திகளும் இப்படித்தான் சிதறிக் கிடக்கும்.

தேதியைப் பிடிப்பது

இந்த வேலையில் அதிகப் பிழை நேர்வது தேதியில். கொல்லம் ஆண்டு ஆவணியில், மலையாளத்தார் சிங்ஙம் என்று சொல்லும் மாதத்தில் பிறக்கும். ஆவணியிலிருந்து டிசம்பர் கடைசி வரை கொல்லம் ஆண்டோடு 824 கூட்டுங்கள். ஜனவரி முதல் ஆடி முடிய 825 கூட்டுங்கள். மார்கழி மாதத்தில்தான் ஆள் ஏமாறுவது. அதன் முதல் பாதி டிசம்பரிலும் மறுபாதி ஜனவரியிலும் விழுவதால், நாள் எண்ணைப் பார்க்காமல் கூட்டினால் ஒரு வருஷம் தப்பிவிடும்.

சரிபார்க்க நல்ல வழி, தமிழ் ஆண்டுப் பெயர். கொல்லம் ஆண்டு ஆவணியில் மாறும், அறுபது ஆண்டுப் பெயர் சித்திரையில் மாறும். வாஞ்சியின் நாளையே எடுத்துக்கொள்வோம். அது கொல்லம் 1086 ஆனி மாதம், விரோதிகிருது வருஷம். 1086 உடன் 825 கூட்டினால் 1911, சரி. ஆனால் அதே கொல்லம் 1086இன் தை மாதம் சாதாரண வருஷத்தில் விழும், ஏனென்றால் விரோதிகிருது அப்போது பிறக்கவில்லை. ஓர் ஓலையில் 'கொல்லம் 1086, விரோதிகிருது, தை' என்று படித்தீர்களானால், ஏதோ ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கிறீர்கள். திரும்பப் பாருங்கள். ஆண்டுப் பெயர் மட்டும் இருந்து கொல்லம் எண் இல்லாவிட்டால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். விரோதிகிருது 1851இலும் வந்தது, 1911இலும் வந்தது, 1971இலும் வந்தது.

எண்ணும் தமிழெண்ணாக இருக்கும். 1086 என்பது ௲௮௰௬. முதலில் ஆயிரம், பிறகு எட்டுப் பத்து, பிறகு ஆறு. நூறுக்கான ௱ இங்கே வராது, பூஜ்ஜியமும் வராது. புதிதாகப் படிக்கிறவர்கள் ௰ என்பதை 'ய' என்றும், ௮ என்பதை 'அ' என்றும், ௨ என்பதை 'உ' என்றும் சொல்லாக்கிப் படித்துவிட்டு, பொருள் புரியாமல் முழிப்பார்கள். எண் வரும் இடத்தை அடையாளம் காண, பக்கத்தில் நாள், மாதம், ஆண்டுக்கான ௳, ௴, ௵ குறிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். நான்கைந்து பத்திரங்களை எழுத்துக் கூட்டிப் படித்தால் கண் பழகிவிடும்.

கோவில் கல்வெட்டு என்றால் வேறு கணக்கு. பாண்டியர் கல்வெட்டுகளில் 'இரண்டாவதின் எதிர் பதினாறாவது' என்பது போல வரும். இரண்டையும் பதினாறையும் கூட்டிப் பதினெட்டாம் ஆட்சியாண்டு என்று கொள்ள வேண்டும். சக ஆண்டு சேர்ந்து கொடுத்திருந்தால் 78 கூட்டிச் சரிபாருங்கள். தென்காசி காசிவிசுவநாதர் கோவிலில் பராக்கிரம பாண்டியன் வெட்டுவித்த 15ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டுகள் பழகுவதற்கு நல்லவை, எழுத்து தெளிவு. கல்வெட்டில் புள்ளி பெரும்பாலும் இருக்காது, 'எ'வும் 'ஏ'யும் ஒன்றுபோலவே இருக்கும், நடுவில் கிரந்த எழுத்து கலந்து வரும்.

கல்வெட்டைப் படம் எடுக்கக் காலை ஏழு, எட்டு மணி அல்லது சாயங்கால வெயில் உகந்தது. வெயில் பக்கவாட்டில் விழுந்தால்தான் எழுத்தின் பள்ளம் தெரியும். உட்பிரகாரமாக இருந்தால் டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கத்திலிருந்து அடியுங்கள், நேரே அடித்தால் எல்லாம் மழுங்கிவிடும். ஒரு முழப் படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நான்கு விரற்கடை அளவு இரண்டிலும் பொதுவாக வரட்டும், பிறகு வரியைச் சேர்க்க அது உதவும். சுண்ணாம்பு, மாவு, எண்ணெய், சாக்பீஸ் எதையும் கல்லில் பூச வேண்டாம், எழுத்து தெரியட்டும் என்று பூசியதே எழுத்தை அரித்துவிடும். அனுமதியைக் கோவில் செயல் அலுவலரிடம் எழுத்தில் வாங்கிவிட்டுத் தொடங்குங்கள்.

காகிதம் எங்கே இருக்கிறது

1956 நவம்பருக்கு முந்தைய தாலுகா நிர்வாகத்துக்குத் திருவனந்தபுரத்தில் உள்ள கேரள மாநில ஆவணக் காப்பகம். சுருணை என்று சொல்லும் ஓலைச் சுருள்களும் அங்கே உண்டு. பழைய ஓலைகள் வட்டெழுத்து, கோலெழுத்து, மலையாண்மை என்ற பழைய எழுத்து முறைகளில் இருக்கும், இன்றைய மலையாளம் படிப்பவருக்கும் அவை புரியாது. அதற்கென்று பழகிய ஒருவரைக் கூட்டிப் போவதே காரியம். காகிதக் கோப்புகளுக்கு மலையாளம் படிக்கத் தெரிந்தால் போதும். கிழக்கே தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்துச் செய்திகளுக்குச் சென்னை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகம். எல்லைத் தகராறு, காட்டு எல்லை, தண்ணீர்ப் பங்கு போன்றவற்றை இரண்டு இடத்திலும் பாருங்கள். ஒரு சர்க்கார் எழுதிய கடிதத்தின் பதில் மற்ற சர்க்காரின் கோப்பில் இருக்கும்.

அட்டவணையில் தேடும்போது ஆங்கிலேயர் எழுதிய பெயரில் தேட வேண்டும்: ஷென்கோட்டா, டின்னவெல்லி, கோர்ட்டாலம், குயிலான். 1917இல் வெளியான திருநெல்வேலி மாவட்ட கெசட்டியரில் தென்காசிக்கு இடம் உண்டு. செங்கோட்டையின் தாலுகா விவரத்துக்கு 1906இல் வந்த திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவலைப் புரட்ட வேண்டும். மக்கள்தொகைக் கணக்கும் அப்படியே. 1941 வரை எண்ணிக்கை திருவிதாங்கூர் தொகுதிகளில், 1951இல் திருவிதாங்கூர்-கொச்சித் தொகுதிகளில், 1961 முதல் சென்னைத் தொகுதிகளில். இரண்டையும் பக்கத்தில் வைத்து 'ஊர் வளர்ந்தது' என்று எழுதுவதற்கு முன்னால், தாலுகாவின் எல்லை இரண்டிலும் ஒன்றுதானா என்று கிராமம் கிராமமாகச் சரிபாருங்கள்.

பணக் கணக்கையும் மாற்றத் தெரிய வேண்டும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆங்கிலேயர் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரம். கூலி, வாடகை, காணிக்கை எதுவானாலும் முதலில் சக்கரத்திலேயே எழுதி, அடைப்புக்குறிக்குள் மாற்றிய மதிப்பைக் கொடுங்கள். நில அளவில் கோட்டை விதைப்பாடு என்று வந்தால் ஏக்கராக மாற்ற அவசரப்படாதீர்கள். அது விதை கொள்ளும் நிலத்தின் அளவு, மண்ணுக்கு மண் மாறும். நெல் அளவாக வந்தால் கோட்டைக்கு 21 மரக்கால்.

வீடுகளில் கிடைப்பதை மறக்கவே கூடாது. திருவிதாங்கூருக்குத் தனி அஞ்சல் இலாகா இருந்தது, 1951இல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. டிரங்குப் பெட்டிகளில் கிடக்கும் பழைய உறைகளில் சங்குத் தபால்தலையும் முத்திரையும் இருந்தால், அந்தக் கடிதம் எந்த வழியில் வந்தது என்பதே ஒரு செய்தி. கடிதத்தைக் கேட்டு வாங்கி வராதீர்கள். அங்கேயே, வீட்டுக்காரர் பக்கத்தில் இருக்க, ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் படம் எடுத்துவிட்டு, அவர் கையில் திருப்பிக் கொடுங்கள்.

பெரியவர்களிடம் கேட்பது

1956இல் பத்து வயதானவர்களுக்கு இன்று எண்பது. ஆவணக் காப்பகத்துக் காகிதம் அடுத்த வருஷமும் அங்கேயே இருக்கும், ஆகவே மற்ற எல்லாவற்றையும் ஒத்திவைத்துவிட்டு முதலில் இவர்களிடம் போங்கள்.

காலை பத்து, பத்தரைக்குப் போவது நல்லது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டாம், இன்னொரு நாள் வரலாம். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுப் பதிவு செய்யுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழே வைக்காதீர்கள், பதிவில் காற்றுச் சத்தம்தான் மிஞ்சும். பதிவின் தொடக்கத்திலேயே நாள், இடம், யாரிடம் பேசுகிறோம், பதிவுக்குச் சம்மதம் உண்டா என்பதைச் சொல்லிவிடுங்கள்.

"1956இல் என்ன நடந்தது?" என்று கேட்டால், பத்திரிகையில் படித்ததைத்தான் திருப்பிச் சொல்வார்கள். "தாத்தா, நீங்க படிச்ச பள்ளிக்கூடத்துல மலையாளம் உண்டா? எந்த வாத்தியார்?", "ஆச்சி, அரிசி எந்த ஊருக்குப் போச்சு? சாவடியில என்ன கேப்பாக?", "சக்கரத்துக்கு என்ன கிடைக்கும்?" என்று கைக்குக் கிட்டின பொருளிலிருந்து தொடங்குங்கள். வருஷம் கேட்காதீர்கள். கல்யாணத்துக்கு முன்னாலா பின்னாலா, தனுஷ்கோடி புயலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேளுங்கள். புயல் 1964 டிசம்பர் என்று நமக்குத் தெரியும். ரயிலும் நல்ல அளவுகோல். கொல்லம் – செங்கோட்டை மீட்டர் கேஜ் பாதை 1904இல் வந்தது, 2010இல் நின்றது, அகலப் பாதையாக 2018இல் திரும்ப ஓடியது.

எல்லை ஊருக்கே உரிய கேள்விகள் சில உண்டு, இவற்றைத் தவறவிடாதீர்கள். திருவிதாங்கூரில் சர்க்கார் பொறுப்பில் இருந்த கோவில்கள் 1936 நவம்பர் 12ஆம் தேதிப் பிரகடனத்தால் எல்லாச் சாதி இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. மதராஸ் மாகாணத்தில் அதற்குச் சட்டம் 1939இல்தான் வந்தது. அந்த மூன்று ஆண்டுகள், எல்லைக்கு மேற்கே ஒரு சட்டம், கிழக்கே ஒரு சட்டம். மேற்கே கோவிலுக்குள் போன ஒரு குடும்பம் கிழக்கே சம்பந்தி ஊரில் வாசலில் நின்றிருக்குமா? நேரில் பார்த்தவர்கள் இன்று இல்லை, ஆனால் அவர்கள் பிள்ளைகள் கேட்டது உண்டு. மதராஸ் மாகாணம் முழுதும் 1948இல் மதுவிலக்கு வந்தபோது எல்லையில் என்ன மாறியது என்பதும் கேட்க வேண்டியது. 1956 இணைப்புக்கு முன், திருவிதாங்கூர்-கொச்சியின் ஒன்பது தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்கக் கேட்டுப் போராடி, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்து கிடைத்தன. தேவிகுளம், பீர்மேடு உட்பட மற்றவை கிடைக்கவில்லை. அந்த நாளில் ஊரில் யார் எந்தப் பக்கம் பேசினார்கள் என்பது இன்றும் சில வீடுகளில் புண்ணாக இருக்கும். சாதி, கட்சி, நிலத் தகராறு வரும் இடங்களில், எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டி, பெயர் போடலாமா என்று மறுபடி கேளுங்கள்.

எழுதும்போது அவர் பேச்சை அப்படியே எழுதுங்கள். 'போனாக', 'வந்தாவ' என்பதைப் 'போனார்கள்' என்று திருத்தினால், அவர் எந்த வீட்டு, எந்த ஊர்ப் பேச்சுக்காரர் என்ற தடயமே போய்விடும்.

நடந்து பார்ப்பது

செங்கோட்டையிலிருந்து புளியரை வழியாகக் கோட்டைவாசல் வரை ஒரு முறை மெதுவாகப் போய் வாருங்கள், முடிந்தால் ஆரியங்காவு தாண்டிக் கழுதுருட்டிப் பதிமூன்று கண் பாலம் வரை. மழை எந்தப் பக்கம் வடிகிறது என்று பாருங்கள். கிழக்கே விழுந்தது சிற்றாற்றோடு சேர்ந்து தாமிரபரணிக்கும், மேற்கே விழுந்தது கல்லடையாற்றுக்கும் போகும். இடப்பெயர்களைக் கேட்டு எழுதுங்கள்: வாசல், சாவடி, மடை, மறுகால். வரைபடத்தில் இல்லாத பெயரை வயலில் நிற்பவர்தான் சொல்வார். மார்கழியில் அச்சன்கோவில் ஐயப்பனின் திருவாபரணம் புனலூரிலிருந்து புறப்பட்டுத் தென்காசி வழியாகப் போவதைப் பார்த்தால், எல்லைக்கோடு போட்ட பிறகும் பழைய வழி எப்படி ஓடுகிறது என்று கண்ணால் காணலாம்.

சேர்த்ததை எழுத, ஒரு செய்திக்கு ஓர் அட்டை. மேலே தேதி, இரண்டு ஆண்டு முறையிலும். நடுவில் செய்தி. கீழே எங்கே கிடைத்தது, கோப்பு எண், யார் சொன்னது. வலது மூலையில் 'கண்டது', 'கேட்டது', 'ஊகம்' மூன்றில் ஒன்று. ஊகம் என்று எழுதியதற்கு ஆதாரத்தைக் கண்ணால் காணாமல் அச்சுக்குக் கொடுக்காதீர்கள். படங்களையும் பதிவுகளையும் மூன்று இடத்தில் வையுங்கள், அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். அச்சான பிறகு முதல் பிரதிகளை ஊர் நூலகத்துக்கும், பேசியவர்களின் வீடுகளுக்கும், ஆரியங்காவுப் பக்கத்தில் தமிழ் படிக்கும் ஒரு வீட்டுக்கும் கொடுத்து, பிழை கண்டால் குறிக்கச் சொல்லிக் கடைசியில் நான்கு வெற்றுத் தாள்களைச் சேர்த்துத் தையுங்கள்.