தமிழ்த் தளத்தில் குறிச்சொல் மேகம்: வைப்பதற்கு முன்னும் பின்னும்

மட்டக்களப்பில் ஒரு வாசிகசாலையின் ஆவணத் தளத்தை நான் பராமரித்து வருகிறேன். பழைய கோயில் மலர்கள், கூத்துப் பழக்கும் அண்ணாவிமாருடன் எடுத்த நேர்காணல்கள், வயல் வேலைக் குறிப்புகள், வாவியில் மீன் பிடிப்போரின் அனுபவங்கள், 1978 சூறாவளி நினைவுகள் என்று நிறையச் சேர்ந்துவிட்டன. வருகிறவர்களோ பேஸ்புக்கில் கண்ட ஒரு பதிவை வாசித்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள். உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிய வழி இருக்கவில்லை. குறிச்சொல் மேகம் வைத்த பிறகுதான் ஒரு பதிவிலிருந்து இன்னொன்றுக்குப் போகத் தொடங்கினார்கள். அதை வைக்கும் முறையை, தமிழுக்கே உரிய சிக்கல்களோடு சேர்த்து எழுதுகிறேன். வேர்ட்பிரஸிலோ பிளாகரிலோ உங்களுக்கு ஒரு தளம் இருக்கிறது, பதிவு போடவும் குறிச்சொல் இடவும் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இது இன்னும் தேவையா?

தளத்தில் உள்ள குறிச்சொற்களை ஒரே இடத்தில் கொட்டி, அதிகம் பயன்பட்டதைப் பெரிய எழுத்திலும் குறைவாகப் பயன்பட்டதைச் சிறிய எழுத்திலும் காட்டுவதுதான் குறிச்சொல் மேகம். ஒவ்வொரு சொல்லும் ஓர் இணைப்பு. எண்ணிக்கைக்கு ஏற்ப எழுத்தைப் பெரிதாக்கும் யோசனை இணையத்துக்கு முந்தியது. பாரிஸ் மக்கள் தம் நகரத்தில் எந்த இடங்களை அதிகம் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம், 1976இல் இடப்பெயர்களை அப்படித்தான் வரைபடத்தில் போட்டார். இணையத்தில் அதைப் பரப்பியது 2004இல் தொடங்கிய பிளிக்கர் தளம். அப்புறம் தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லோரும் வைத்தார்கள், சலித்துப்போய் எடுத்தும் விட்டார்கள். இப்போது வடிவமைப்பாளர்களிடம் கேட்டால் "அது பழைய பாணி" என்பார்கள்.

ஆங்கிலத் தளத்துக்கு அந்தப் பேச்சு பொருந்தலாம். தமிழ்த் தளத்துக்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். தமிழை நன்றாக வாசிக்கிற எத்தனையோ பேருக்குக் கைபேசியில் தமிழில் தட்டச்சு செய்யப் பழக்கமில்லை. தேடல் பெட்டியில் ஆங்கில எழுத்தில் "கூத்து" என்று அடிப்பார்கள், ஒன்றும் வராது, போய்விடுவார்கள். மேகத்தில் அந்தச் சொல் தமிழிலேயே கண்முன் கிடக்கிறது. விரலால் தொட்டால் போதும். தமிழ்த் தளத்தில் குறிச்சொல் மேகத்தின் முதல் பயன் இதுதான்.

எல்லோருக்கும் வேண்டியதில்லை. பாசிக்குடாவில் ஒரு விடுதிக்கோ அறுகம்குடாவில் அலைச்சறுக்குப் பலகை வாடகைக்கு விடும் கடைக்கோ தளம் செய்கிறீர்கள் என்றால் பட்டியலில் ஐந்தாறு பக்கங்கள்தான் இருக்கும், மேலே ஒரு மெனு போதும். பலவகைப் பதிவுகள் குவிந்து, ஒரு பதிவு பல தலைப்புகளுக்குப் பொருந்துகிற தளத்துக்குத்தான் மேகம்.

படி 1: முதலில் குறிச்சொற்களைத் துப்புரவு செய்யுங்கள்

மேகத்தைப் பக்கத்தில் வைப்பது ஐந்து நிமிட வேலை. அதனால்தான் பலர் நேரே அங்கே போகிறார்கள். குறிச்சொற்கள் சிதறிக் கிடந்தால் மேகம் அந்தச் சிதறலைப் பெரிதாக்கித்தான் காட்டும். ஆகவே மொத்த நேரத்தில் பெரும்பங்கை இந்தப் படிக்கு ஒதுக்குங்கள். தொடங்குமுன் தளத்தைப் பிரதி எடுத்து வையுங்கள்.

முதலாவது, ஒரே விடயத்துக்குப் பல பெயர்கள். 2004 டிசம்பர் 26ஐப் பற்றிய பதிவுகளில் ஒருவர் "சுனாமி" என்று இடுவார், ஒருவர் "ஆழிப்பேரலை" என்று இடுவார், இன்னொருவர் "கடற்கோள்" என்று இடுவார். மூன்றும் பிரிந்து கிடப்பதால் மூன்றுமே சிறிய எழுத்தில் வரும். எங்கள் கரையையே மாற்றிய ஒரு நிகழ்வு மேகத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகும். என் விதி: ஊரில் சனம் வாயால் சொல்வது எதுவோ அதையே வைப்பது. அதனால் "சுனாமி". ஆட்களின் பெயருக்கு மட்டும் இந்த விதியை மாற்றுகிறேன். 1892இல் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் பெயர் விபுலானந்தர், விபுலாநந்தர், சுவாமி விபுலானந்தா என்று பலவாறு எழுதப்படுகிறது. அவரது யாழ் நூலைப் பற்றிய பதிவும் அவர் ஊரைப் பற்றிய பதிவும் ஒரே குறிச்சொல்லின் கீழ் வரவேண்டுமானால் ஒரு வடிவத்தைத் தெரிந்தெடுத்து எழுதி ஒட்டிவைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது இதற்கு நேர்மாறானது: ஒரே சொல், இரண்டு விடயம். "கச்சான்" என்ற குறிச்சொல்லைத் தொட்டால் நிலக்கடலைச் செய்கையும் வரும், கச்சான் காற்றும் வரும். அதைக் "கச்சான் செய்கை", "கச்சான் காற்று" என்று பிரித்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் என்னை நீண்ட நேரம் மறித்து வைத்திருந்தது. இதை ஆறுதலாக வாசியுங்கள். மேகத்தில் "கொம்புமுறி" என்ற ஊர் விளையாட்டின் பெயர் இரண்டு தடவை வந்தது. இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி. ஒன்றைத் தொட்டால் சில பதிவுகள், மற்றதைத் தொட்டால் வேறு பதிவுகள்.

காரணம், கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் குறிக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுக்கும் யூனிகோடு முறையில் இருக்கிறது. "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். "க"வுக்குப் பிறகு ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடுவது ஒரு வகை. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடுவது இன்னொரு வகை. திரையில் இரண்டும் "கொ" என்றுதான் தெரியும், கணினிக்கு அவை வேறு வேறு எழுத்துத் தொடர்கள். ஓகாரத்துக்கும் இதே கதைதான். எங்கள் பக்கத்தில் அச்சகங்களில் இருந்து வரும் பழைய கோப்புகள் பெரும்பாலும் யூனிகோடு அல்லாத பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் சில இந்த இரண்டாம் வகையைத் தருகின்றன. கைபேசி விசைப்பலகையில் அடித்தால் பொதுவாக முதல் வகை வரும். ஒரே தளத்தில் இரண்டும் கலந்தால் குறிச்சொல் இரட்டித்துவிடும்.

ஔகாரம் இன்னும் மோசம். "கௌபி" என்பதை ஒருவர் ஔகாரக் குறியோடு சரியாக அடிப்பார். இன்னொருவர் ஒற்றைக் கொம்பு, "க", அதன்பின் "ள" என்ற எழுத்து என்று "கெளபி" ஆக்கிவிடுவார். பல எழுத்துருக்களில் கண்ணால் வேறுபாடு பிடிக்க முடியாது.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. எல்லாக் குறிச்சொற்களையும் பிரதி செய்து கூகுள் ஷீட்ஸில் ஒரு நிரலில் ஒட்டுங்கள். பக்கத்து நிரலில் லென் (LEN) சார்பைப் போடுங்கள். அது ஒவ்வொரு சொல்லிலும் எத்தனை குறியீடுகள் உள்ளன என்று சொல்லும். சரியான "கொம்புமுறி"க்கு 10 வரும், பிரிந்து கிடப்பதற்கு 11. "கௌபி"க்கு 4, "கெளபி"க்கு 5. பார்வைக்கு ஒன்றாக இருந்து எண் வேறுபட்டால் அங்கேதான் கோளாறு. பிரதி செய்யும்போது ஒட்டிக்கொண்டு வரும் கண்ணுக்குத் தெரியாத இணைப்பு மறிப்பான் குறியீடுகளும் இதில் மாட்டும்.

யூனிகோடில் இதற்கென்றே என்.எஃப்.சி. என்ற சீராக்கல் முறை உண்டு. அது பிரிந்த ஒகரத்தையும் ஓகாரத்தையும் ஒன்று சேர்த்துவிடும். "கெளபி"யை அது திருத்தாது, ஏனென்றால் அதில் இருப்பது உண்மையான "ள". அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

இனி இணைப்பது. வேர்ட்பிரஸில் குறிச்சொற்களை ஒன்றாக்கும் வசதி உள்ளமைவாக இல்லை. டேர்ம் மேனேஜ்மென்ட் டூல்ஸ் என்ற செருகியை (கூடுதல் வசதி தரும் துணை நிரலை) பரிந்துரைப்பேன். சிறியது, சொன்ன வேலையை மட்டும் செய்யும். குறிச்சொற்கள் பக்கத்தில் வேண்டாதவற்றைத் தெரிவுசெய்து, மொத்தச் செயல்களில் இணைப்பதைத் தேர்ந்து, சரியான பெயரைக் கொடுத்தால் முடிந்தது. டாக்ஸோபிரஸ் என்ற செருகியும் இதைச் செய்யும், ஆனால் ஆரம்பநிலைக்கு அதன் அமைப்புகள் அளவுக்கு அதிகம். பிளாகரில் குறிச்சொல்லுக்கு லேபிள் என்று பெயர், அங்கே செருகி ஒன்றும் வேண்டாம். தவறான லேபிள் உள்ள பதிவுகளை எல்லாம் தெரிவுசெய்து சரியான லேபிளை இட்டு, பிறகு தவறானதை நீக்குங்கள். ஒரு பதிவும் இல்லாத லேபிள் தானாகவே மறைந்துவிடும்.

படி 2: இணைப்பு முகவரியைச் சுருக்குங்கள்

இது வேர்ட்பிரஸ்காரருக்கு மட்டும். குறிச்சொல்லின் முகவரிப் பகுதி 200 எழுத்துகளைத் தாண்ட முடியாது. ஒரு தமிழ்க் குறியீடு முகவரியில் விழுக்காட்டுக் குறிகளோடு 9 எழுத்துகளாக விரியும். ஆக 22 குறியீடுகளுக்குத்தான் இடம். "மட்டக்களப்பு வடமோடிக் கூத்து" என்பதற்கு இடைவெளிகள் போக 26 குறியீடுகள் வேண்டும், வால் வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்படும் இடம் வரை அதே எழுத்துகளைக் கொண்ட இன்னொரு நீண்ட குறிச்சொல் இருந்தால் இரண்டின் முகவரியும் ஒன்றாகி, ஒன்றின் பின்னால் ஓர் எண் ஒட்டிக்கொள்ளும். பெயரைத் தமிழிலும் முகவரியைச் சுருக்கமான ஆங்கில எழுத்திலும் வையுங்கள். வாட்ஸ்அப்பில் பகிரும்போதும் முகவரி நீளமாக ஓடாது.

படி 3: மேகத்தை வைப்பது

வேர்ட்பிரஸில் பக்கத்தைத் திருத்தும்போது குறிச்சொல் மேகம் என்ற தொகுதியைச் சேருங்கள். பிளாகரில் தளவமைப்புக்குப் போய் லேபிள்கள் கேட்ஜெட்டைச் சேர்த்து, காட்சியில் பட்டியலுக்குப் பதில் மேகத்தைத் தெரிவுசெய்யுங்கள். அவ்வளவுதான்.

எங்கே வைப்பது? பக்கப்பட்டையில் வேண்டாம். கைபேசியில் பக்கப்பட்டை எல்லாவற்றுக்கும் கீழே போய்விழும். எனக்குப் பிடித்தது, "எல்லாத் தலைப்புகளும்" என்று ஒரு தனிப்பக்கம் செய்து அதில் முழு மேகத்தையும் வைத்து, ஒவ்வொரு பதிவின் முடிவிலும் அந்தப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுப்பது. பதிவை வாசித்து முடித்தவருக்குத்தான் அடுத்தது என்ன என்ற கேள்வி வரும்.

படி 4: எழுத்தளவு

வேர்ட்பிரஸ் இயல்பாக 45 குறிச்சொற்களை 8 புள்ளி முதல் 22 புள்ளி வரை காட்டும். அந்த 8 புள்ளி தமிழுக்கு ஆகாது. "ணை", "ஞ", "ழு" எல்லாம் புள்ளிக் கூட்டமாகத் தெரியும். 11 முதல் 18 வரை என்று மாற்றுங்கள். வித்தியாசத்தைக் குறைத்து வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீளமான சொல் எந்த அளவிலும் கண்ணை இழுக்கும். "காத்தான்குடி"யும் "நெல்"லும் ஒரே எண்ணிக்கை என்றாலும் காத்தான்குடிதான் பெரிதாகப் படும். எழுத்தளவை மேலும் ஊதிவிட்டால் குறுகிய சொற்கள் காணாமல் போகும்.

அளவு எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்திருப்பது நல்லது. நேர்விகிதத்தில் கணக்கிட்டால் ஒரே ஒரு பெரிய குறிச்சொல் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். உதாரணமாக நெல் 40 பதிவு, கூத்து 22, மீன்பிடி 9, தயிர் 2 என்று வையுங்கள். தயிருக்கு 11 புள்ளி, நெல்லுக்கு 18 புள்ளி. நேர்விகிதத்தில் மீன்பிடிக்கு 12.3 புள்ளிதான் வரும், தயிரிலிருந்து பிரித்துப் பார்க்கவே முடியாது. வேர்ட்பிரஸ் மடக்கையில் (லாகரிதத்தில்) கணக்கிடுவதால் மீன்பிடிக்கு ஏறத்தாழ 14.2, கூத்துக்கு 16.5 வரும். நடுவில் இருப்பவையும் தெரியும். நீங்களே நிரல் எழுதுவதாக இருந்தாலும், எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி மடக்கை எடுக்கும் இந்த முறையையே பின்பற்றுங்கள். பிளாகர் ஐந்து அளவு வகுப்புகளாகப் பிரிக்கிறது. தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் கருப்பொருளின் சி.எஸ்.எஸ். பகுதியில் அந்த ஐந்துக்கும் நீங்கள் அளவு கொடுக்கலாம்.

நிறத்தை ஒன்றாகவே வையுங்கள். சிறிய சொல்லுக்கு மங்கலான சாம்பல் நிறம் கொடுப்பது அழகாக இருக்கலாம், ஆனால் வெயிலில் நின்று கைபேசி பார்ப்பவருக்கு அது வெறும் வெள்ளை. எழுத்துரு நோட்டோ சான்ஸ் தமிழ், வரி உயரம் 1.8. சொற்களுக்கிடையே நல்ல இடைவெளி விடுங்கள். அணுகல்தன்மை வழிகாட்டிகளின் 2.2 பதிப்பு தொடும் இடம் குறைந்தது 24 பிக்சல் இருக்கவேண்டும் என்கிறது. நான் அதைவிடக் கூட விடுகிறேன், வயல் வேலை செய்த விரல்களுக்கு 24 போதாது.

வரிசை அகரவரிசையிலேயே இருக்கட்டும். ஒரு குறிப்பிட்ட சொல்லைத் தேடி வருபவருக்கு அதுதான் கைகொடுக்கும். யூனிகோடு வரிசை நம் அகராதி வரிசையிலிருந்து கொஞ்சம் விலகும், மெய்யெழுத்து உயிர்மெய்க்குப் பின்னால் போகும். மேகத்தில் அது பெரிதாக உறுத்தாது.

பிற்சேர்க்கைகள்

அக்கரைப்பற்றில் இருந்து ஒரு வாசகர், சொல்மேகப் படம் செய்யும் இணையக் கருவியில் தன் கட்டுரையைப் போட்டால் "மட்டக்களப்பு" துண்டு துண்டாக உடைந்து வருகிறது என்று எழுதியிருந்தார். அந்தக் கருவிகளில் பல, புள்ளியையும் உயிர்க்குறிகளையும் எழுத்தாகக் கணக்கெடுக்காமல் அந்த இடத்தில் சொல்லை வெட்டிவிடுகின்றன. அதோடு, அவை செய்வது படம். தொட்டால் எங்கேயும் போகாது. சுவரொட்டிக்குச் சரி, தளத்தில் வழிகாட்ட உதவாது.

இன்னொருவர், மேகத்தில் 200 சொற்கள் வந்துவிட்டன, என்ன செய்வது என்று கேட்டார். ஒரே ஒரு பதிவு உள்ள குறிச்சொற்களை மேகத்தில் காட்டாதீர்கள். பிளாகரில் தெரிவுசெய்த லேபிள்களை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது. வேர்ட்பிரஸில் எண்ணிக்கையை 40க்குக் குறைத்தால் அதிகம் பயன்பட்டவையே நிற்கும். ஊர்ப்பெயர்களைத் தனி மேகமாகப் பிரிப்பதும் நல்லது. வாகரையிலிருந்து பொத்துவில் வரையுள்ள ஊர்கள் ஒரு பக்கம், விடயங்கள் ஒரு பக்கம். அப்படிப் பிரித்தபோது எங்கள் தளத்தில் வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரை ஊர்கள் பெரிதாகவும் மேற்கே உள்ள படுவான்கரை ஊர்கள் மிகச் சிறிதாகவும் வந்தன. அடுத்து எங்கே போய் யாரிடம் பதிவு எடுக்கவேண்டும் என்பதை இப்போது அந்த மேகத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்கிறோம்.

சம்மாந்துறையில் இருந்து வந்த கேள்வி: குறிச்சொற்களை இணைத்த பிறகு, முன்பு பேஸ்புக்கில் பகிர்ந்த பழைய குறிச்சொல் இணைப்புகள் "பக்கம் இல்லை" என்று காட்டுகின்றன. ஆம், காட்டும். ரீடைரெக்ஷன் என்ற செருகியை நிறுவி, பழைய முகவரியை மூல முகவரிப் பெட்டியிலும் புதியதை இலக்கு முகவரிப் பெட்டியிலும் இட்டு, 301 என்ற நிரந்தரத் திசைமாற்ற வகையைத் தெரிவுசெய்யுங்கள். பிளாகரில் அமைப்புகள் பகுதியில் தனிப்பயன் திசைமாற்றம் உண்டு, ஆனால் அது லேபிள் பக்கங்களுக்கு வேலை செய்யும் என்று நம்பி இறங்காதீர்கள். அங்கே பழைய லேபிளை ஏற்கெனவே பகிர்ந்திருந்தால், புதிய இணைப்பை அதே இடத்தில் மறுபடி பகிர்ந்துவிடுங்கள்.