புளூட்டோ சின்னது என்பதற்காகக் கோள் பட்டியலிலிருந்து நீக்கப்படவில்லை

எங்கள் வாணியம்பாடியிலிருந்து ஆந்திர எல்லை கூப்பிடு தூரம்தான். இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை, அதன்மேல் காவலூர் வானாய்வகம். "காவலூரில் ஒரு கிரகம் கண்டுபிடித்தார்களாமே சார்?" என்று எல்லைக்கு அந்தப் பக்கம் குப்பம் ஊரிலிருந்து வரும் தமிழ்ப் பிள்ளைகள்கூடக் கேட்பார்கள். 1988-ல் அங்கே கண்டுபிடித்தது சிறுகோள், அதாவது சூரியனைச் சுற்றும் சிறிய பாறை. கணித மேதை ராமானுஜன் பெயரை அதற்கு வைத்தார்கள். நமக்குப் பெரிய பெருமைதான், ஆனால் அது கோள் அல்ல.

நவக்கிரகத்தையும் வானியலின் கோள்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நவக்கிரகத்தில் சூரியனும் சந்திரனும் உண்டு, பூமி கிடையாது. ராகுவும் கேதுவும் சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு புள்ளிகள். அந்தக் கணக்கு வேறு, இந்தக் கணக்கு வேறு.

அதிகம் பேர் செய்யும் தவறு, எது கோள் என்பதை அளவை வைத்து முடிவு செய்வது. வியாழனின் துணைக்கோளான கனிமீடு புதனைவிடப் பெரியது. ஆனாலும் புதன்தான் கோள், ஏனென்றால் கனிமீடு சுற்றுவது வியாழனை. நிலாக்களை எண்ணியும் பயனில்லை. புளூட்டோவுக்கு 5 நிலாக்கள், புதனுக்கும் வெள்ளிக்கும் ஒன்றுகூடக் கிடையாது.

சர்வதேச வானியல் ஒன்றியம் 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகா நகரில் வாக்கெடுத்து, ஒன்றைக் கோள் என்று சொல்ல முடிவு செய்த நிபந்தனைகள் மூன்று. சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பாலேயே ஏறக்குறைய உருண்டையாகியிருக்க வேண்டும். தன் சுற்றுப்பாதையின் அக்கம்பக்கத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். புளூட்டோ முதல் இரண்டிலும் தேறிவிட்டது, தவறியது மூன்றாவதில்தான்.

மூன்றாவதை வார்த்தைக்கு வார்த்தை எடுத்துக்கொண்டால் தடுமாறுவோம். "வியாழனின் பாதையில் ஆயிரக்கணக்கில் சிறுகோள்கள் இருக்கின்றனவே, அப்போது அதுவும் கோள் இல்லையா?" என்று ஒரு பையன் கேட்டான். அருமையான கேள்வி. அந்தச் சிறுகோள்கள் வியாழனின் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு, அதற்கு முன்னும் பின்னும் கூட்டமாக ஓடுகின்றன. பாதையில் யார் ஆதிக்கம் என்பதுதான் விஷயம். புளூட்டோவோ நெப்டியூனின் பிடியில் இருக்கிறது. நெப்டியூன் மூன்று முறை சூரியனைச் சுற்றும் நேரத்தில் புளூட்டோ சரியாக இரண்டு முறை சுற்றுகிறது. நெப்டியூனின் நிறை அதைப்போல் ஏழாயிரம் மடங்குக்கும் மேல்.

அப்புறம், பழைய பாடப்புத்தகத்தில் 9 கோள்கள் என்று பார்க்கும் பிள்ளையிடம் "அது தப்பு" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள், செரிஸின் கதையையும் சொல்லுங்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே 1801-ல் கண்டுபிடித்த செரிஸ் பல பத்தாண்டுகள் கோளாகவே எண்ணப்பட்டது. அதே பகுதியில் இன்னொன்று, இன்னொன்று என்று கிடைத்துக்கொண்டே போனதும் அதைச் சிறுகோள் என்று மாற்றினார்கள். 1992-லிருந்து புளூட்டோ இருக்கும் பகுதியிலும் அப்படித்தான் ஒவ்வொன்றாகக் கிடைத்தன. 2005-ல் அறிவித்த ஏரிஸ், நிறையில் புளூட்டோவை மிஞ்சியது. ஒன்று ஏரிஸையும் கோளாக்க வேண்டும், இல்லையென்றால் புளூட்டோவை எடுக்க வேண்டும். இப்போது ஏரிஸ், புளூட்டோ, செரிஸ் மூன்றுமே குறுங்கோள்கள், அதாவது முதல் இரண்டு நிபந்தனைகளில் தேறி மூன்றாவதில் தவறியவை.