சிறிய டீசல் எஞ்சினா, பெரிய டீசல் எஞ்சினா? கடலூர், புதுச்சேரிச் சாலைகளில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கார் வாங்க நினைப்பவர் பெரும்பாலும் விலைப்பட்டியலைத்தான் முதலில் எடுத்து வைத்துக்கொள்கிறார். சிறிய டீசலுக்கும் பெரிய டீசலுக்கும் நடுவே நிற்கும் சில லட்சங்களைக் கொடுக்கலாமா, வேண்டாமா என்று வீட்டில் நாள்கணக்கில் பேச்சு நடக்கிறது. அந்தப் பேச்சைத் தொடங்கும் முன் ஒரு மாதம் பொறுத்து, ஒரு சிறு நோட்டில் எங்கே போனோம், எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர், என்ன சாமான் என்ற நான்கை மட்டும் எழுதி வாருங்கள். எஞ்சின் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதை இந்த நான்கும் சொல்லும் அளவுக்கு வேறெதுவும் சொல்வதில்லை.

அந்த நோட்டு முதலில் காட்டிக்கொடுப்பது, உங்களுக்கு டீசலே வேண்டுமா என்பதை. லாஸ்பேட்டையில் குடியிருந்து, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, கடற்கரைப் பக்கம் அலுவலகம் போய், மாலையில் பெரிய மார்க்கெட்டில் காய்கறி வாங்கித் திரும்புகிறவருக்கு ஒவ்வொரு ஓட்டமும் ஐந்தாறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த, வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதிகளுக்குப் பிறகு டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். அதில் சேரும் கரி எரிந்து தீர ஏறக்குறைய 600 டிகிரி வெப்பம் தேவை. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் வண்டியில் அந்த வெப்பம் வருவதே இல்லை. என் மைத்துனரின் காரில் இதற்கான எச்சரிக்கை விளக்கு எரிந்து, பணிமனையில் பெரிய தொகை ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்தினார்கள். மறுநாள் காலை முள்ளோடை வழியாகக் கடலூருக்கும் அங்கிருந்து சிதம்பரம் சாலையிலும் கியரைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்து நிதானமாக ஓட்டிவிட்டு வந்தோம். திரும்பும்போது விளக்கு அணைந்திருந்தது. பெரிய எஞ்சினில் இரும்பும் எண்ணெயும் அதிகம் என்பதால் அது சூடேற இன்னும் நேரமாகும். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர் சிறிய டீசலா பெரிய டீசலா என்று குழம்பாமல் பெட்ரோல் காரைப் பார்ப்பதே நல்லது. மேற்கொண்டு சொல்வதெல்லாம் வாரத்தில் சில நாட்களாவது நெடுஞ்சாலை ஏறுகிறவர்களுக்கு.

எஞ்சினின் கொள்ளளவு, அதாவது சிசி, என்பது எல்லாச் சிலிண்டர்களிலும் பிஸ்டன்கள் ஏறி இறங்கும் இடத்தின் மொத்த அளவு. உள்ளே வரும் காற்றுக்கு ஏற்ற அளவில்தான் டீசலை எரிக்க முடியும் என்பதால் இடம் பெரிதானால் இழுவையும் கூடும். இந்தக் கணக்கை மாற்றுவது டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று, காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது அதன் வேலை. அதனால் சிறிய எஞ்சின்கூட பெரிய எஞ்சின் அளவுக்கு இழுக்கிறது. ஆனால் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது புகையும் குறைவு, டர்போவின் வேகமும் குறைவு. அந்த நேரத்தில் சிறிய எஞ்சின் தன் சொந்தப் பலத்தை மட்டும் வைத்துக்கொண்டு திணறும். நம் மெக்கானிக்குகள் 'டர்போ இன்னும் எடுக்கவில்லை' என்று சொல்வது இதைத்தான்.

அரியாங்குப்பம் வழியாக வருகிற ஒருவர் வேகத்தடையில் ஏறி இறங்குவதைக் கவனித்தால் இது கண்ணெதிரே விளங்கும். ஏசி ஓடுகிறது, உள்ளே ஐந்து பேர், இரண்டாம் கியர், மீட்டரில் 12 கிலோமீட்டர் வேகம். பழைய 1.3 லிட்டர் டீசல் வண்டியாக இருந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்த பிறகும் ஓரிரு நொடி எதுவும் நடக்காது. வண்டி முக்கும், பின்னால் வரும் தனியார் பேருந்து ஹாரனை அழுத்தும், பிறகு டர்போ எடுத்து வண்டி திடீரெனப் பாயும். ஓட்டுநர் முதல் கியருக்கு இறங்கியிருக்க வேண்டும். ஃபியட் வடிவமைத்து மாருதி உட்படப் பல நிறுவனங்களின் கார்களில் ஓடிய அந்த 1.3 லிட்டர், அதாவது 1,248 சிசி, எஞ்சினே இரண்டு வகையாக வந்தது. முறுக்குவிசை என்பது எஞ்சினின் இழுவை, நியூட்டன் மீட்டர் அதன் அலகு; ஆர்பிஎம் என்பது எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்ற எண். ஸ்விஃப்டில் இருந்தது 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 2,000 ஆர்பிஎம்மில் தந்தது. எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதும் டர்போ எடுக்க உதவும், கோணம் மாறும் தகடுகள் கொண்ட டர்போவுடன் எர்டிகா போன்ற வண்டிகளில் வந்தது 200 நியூட்டன் மீட்டரை 1,750 ஆர்பிஎம்மிலேயே தந்தது. கொள்ளளவு ஒன்றுதான், குணம் வேறு. ஆகவே விவரப்பட்டியலில் முறுக்குவிசைக்குப் பக்கத்தில் எழுதியிருக்கும் ஆர்பிஎம் எண்ணைப் படிக்காமல் விட்டுவிடாதீர்கள்; குதிரைத்திறனைவிட அன்றாடம் உதவுகிற எண் அதுவே.

இப்போதைய வண்டிகளில் இதற்கு நல்ல உதாரணம் மஹிந்திரா தார். அதன் 1.5 லிட்டர் டீசலும் 2.2 லிட்டர் டீசலும் ஒரே அளவாக 300 நியூட்டன் மீட்டர் தருகின்றன. அப்படியானால் எதற்கு 2.2 என்று கேட்கத் தோன்றும். சிறியது அந்த உச்ச இழுவையை 1,750 முதல் 2,500 ஆர்பிஎம் வரை மட்டும் வைத்திருக்கிறது. பெரியது 1,600 முதல் 2,800 வரை வைத்திருக்கிறது. ஆக, பெரிய எஞ்சினில் கியரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய தொல்லை குறைகிறது. மணலிலும் சேற்றிலும் இறங்காதவருக்கு, பின்சக்கர இழுவையுடன் வரும் 1.5 போதும் என்பது என் கருத்து.

கொள்ளளவு ஒன்றாக இருந்தும் பலம் வேறாக இருக்கும் வண்டிகளும் உண்டு. மஹிந்திரா 'ஸ்கார்பியோ-என்' (Scorpio-N) வண்டியின் 2.2 லிட்டர் டீசல் அடிப்படை வகையில் 132 குதிரைத்திறனோடும், மேல் வகைகளில் 175 குதிரைத்திறனோடும் வருகிறது. 'பெரிய எஞ்சின்தானே' என்று நம்பி அடிப்படை வகையை வாங்கிவிட்டு, நண்பரின் வண்டி மட்டும் ஏன் பறக்கிறது என்று வியந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது பாரம். 1,300 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதில் 220 நியூட்டன் மீட்டர் தரும் சிறிய எஞ்சினையோ 260 தரும் பெரிய எஞ்சினையோ வைக்கலாம் என்று கொள்வோம். ஓட்டுநர் மட்டும் இருந்தால் மொத்த எடை 1,365 கிலோ. சிறிய எஞ்சினில் ஒரு டன்னுக்கு 161 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். ஐந்து பேரும் ஐம்பது கிலோ சாமானும் ஏறினால் எடை 1,675 கிலோவாகி, அதே எஞ்சினில் டன்னுக்கு 131 மட்டுமே மிஞ்சும். பெரிய எஞ்சினில் முழுப் பாரத்தோடும் டன்னுக்கு 155 இருக்கும். பாரம் ஏற்றிய பெரிய எஞ்சின், தனியாளாக ஓட்டும் சிறிய எஞ்சினுக்குச் சற்றே குறைந்த சுறுசுறுப்போடு ஓடும் என்பதே இதன் பொருள். உங்கள் நோட்டில் பெரும்பாலான வரிகளில் 'ஒருவர்' அல்லது 'இருவர்' என்று இருந்தால் அந்த வேறுபாட்டுக்குப் பணம் கொடுத்தும் பயன்படுத்தப் போவதில்லை. மாதந்தோறும் பெற்றோரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு திருவண்ணாமலைக்குக் கிரிவலம் போகிறவரின் கதை வேறு.

சாலையும் இதில் பேசும். கடலூர் மாவட்டமும் புதுச்சேரியும் பெரும்பாலும் சமதரை. ஏற்றம் என்றால் பாலத்தின் ஏற்றம்தான். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை போவதற்காகப் பெரிய எஞ்சின் வாங்க வேண்டியதில்லை. அன்று ஒருநாள் இரண்டாம் கியரில் பொறுமையாக ஏறினால் போதும். நம் பகுதியில் பெரிய எஞ்சினுக்கு உண்மையான வேலை, பிரிப்புச் சுவர் இல்லாத சாலைகளில் முந்துவது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகும் பருவத்தில் கடலூர், பண்ருட்டி சாலையில் போய்வருகிறவருக்கு இதை விளக்கவே வேண்டாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒரு பேருந்தை 80-இல் முந்துவதாகக் கொள்ளுங்கள். முன்னும் பின்னும் இருபது மீட்டர் இடைவெளி விட்டால் முந்தி முடிக்கப் பத்து நொடி ஆகும். எதிரே 60-இல் ஒரு வண்டி வந்தால் தொடங்கும்போது ஏறக்குறைய 390 மீட்டர் சாலை காலியாக இருக்க வேண்டும். அதே முந்துதலை 90-இல் செய்தால் ஏழு நொடிக்குள் முடியும். 280 மீட்டர் போதும். சிறிய எஞ்சினாலும் 90-ஐத் தொட முடியும். முழுப் பாரத்தோடு, கியரை இறக்காமல், தேவைப்படும் அந்த நேரத்தில் தொடுமா என்பதே கேள்வி. கியரை இறக்கத் தயங்காத ஓட்டுநருக்குச் சிறிய எஞ்சின் துரோகம் செய்யாது. ஐந்தாம் கியரிலேயே எல்லாம் நடக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர் பெரியதற்கே போகலாம்.

இனிச் செலவு. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்குச் சிறிய எஞ்சின் லிட்டருக்கு 20 கிலோமீட்டரும் பெரியது 16 கிலோமீட்டரும் கொடுத்தால் ஆண்டுக்கு 187 லிட்டர் வேறுபாடு. லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் சுமார் 17,000 ரூபாய். புதுச்சேரியில் டீசல் சில ரூபாய் மலிவு என்பதால் கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டி டேங்கை நிரப்பிக்கொண்டு வருவது ஊரறிந்த வழக்கம். எப்போதும் முழுப் பாரத்தோடு விரட்டி ஓட்டினால் சிறிய எஞ்சினின் மைலேஜ் மளமளவென்று இறங்கி இந்த வேறுபாடு சுருங்கிவிடும்.

பலர் கவனிக்காமல் விடுவது 1,500 சிசி என்ற கோடு. 1,493, 1,497 என்று எஞ்சின்கள் அந்தக் கோட்டுக்குள் அடங்கி நிற்பது தற்செயல் அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும் 1,500 சிசிக்கு மிகாத டீசல் எஞ்சினும் உள்ள கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். இவற்றில் ஒன்று மீறினாலும் 40 சதவீதம். நீளத்தில் மீறிய கிரெட்டா போன்ற வண்டிக்கு 1.5 எஞ்சினால் இந்தச் சலுகை கிடைப்பதில்லை. தமிழ்நாட்டில் வாழ்நாள் வரி விலையின் சதவீதமாகக் கணக்கிடப்படுவதால் எஞ்சினுக்காகக் கூடும் விலைக்கும் வரி கட்ட வேண்டும். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022-இல் அறிவிக்கப்பட்ட கட்டணம் 1,000 முதல் 1,500 சிசி வரை ஆண்டுக்கு 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எஞ்சின் ஆயில், ஃபில்டர், கிளட்ச் எல்லாவற்றிலும் பெரியதற்கு அதிகம் ஆகும்.

சோதனை ஓட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். ஷோரூம்காரர் அகலமான சாலையில் உங்களையும் விற்பனையாளரையும் மட்டும் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு 'பிக்கப் எப்படி சார்?' என்று கேட்பார். அந்த நிலையில் எந்த எஞ்சினும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டிலிருந்து நால்வரை அழைத்துப் போய், ஏசியை முழுதாக வைத்து, ஒரு வேகத்தடையை இரண்டாம் கியரில் தாண்டிப் பாருங்கள். பிறகு காலியான சாலையில் மூன்றாம் கியரில் 40-இலிருந்து 70 வரை ஏற எத்தனை நொடி ஆகிறது என்று பின்னால் இருப்பவரை எண்ணச் சொல்லுங்கள். கடைசியாக உச்ச கியரில் 80-இல் சீராகப் போகும்போது ஆர்பிஎம் முள் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். முறுக்குவிசை முழுமையாகத் தொடங்கும் எண்ணுக்குக் கீழே முள் நின்றால், முந்தும்போதெல்லாம் கியரை இறக்க வேண்டியிருக்கும். இரண்டு எஞ்சின்களையும் ஒரே நாளில், ஒரே ஆட்களோடு ஓட்டிப் பார்ப்பதுதான் நியாயமான ஒப்பீடு.

பழைய வண்டி தேடுகிறவருக்குத்தான் இந்தக் கேள்வி அடிக்கடி வரும். ஏனென்றால் 2015-இல் வந்த முதல் தலைமுறை கிரெட்டா 90 குதிரைத்திறன் தரும் 1,396 சிசி, 128 குதிரைத்திறன் தரும் 1,582 சிசி என இரண்டு டீசல்களோடும் விற்றது. இங்கே எஞ்சினின் அளவைவிட அது எப்படி ஓடியது என்பது முக்கியம். நெடுஞ்சாலையில் ஒரு லட்சம் ஓடிய 1.6, ஊருக்குள் ஐம்பதாயிரம் ஓடிய 1.4-ஐவிட நல்ல நிலையில் இருக்கலாம். காலையில், எஞ்சின் ஆறியிருக்கும்போதே போய், பானெட்டைத் தொட்டுப் பார்த்த பிறகு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் வரும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் காரணம் கேளுங்கள். மூன்றாம் கியரில் 40-இல் போகும்போது ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். ஆர்பிஎம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. பின்னால் கரும்புகை தொடர்ந்து வருகிறதா என்று ஒருவரை வெளியே நின்று பார்க்கச் சொல்லுங்கள்.

புதுச்சேரிப் பதிவான பிஒய் 01 எண் கொண்ட வண்டியைக் கடலூரில் இருப்பவர் வாங்கினால், பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கேயே வைத்திருப்பதற்குத் தடையில்லாச் சான்று பெற்றுத் தமிழ்நாட்டுப் பதிவெண்ணுக்கு மாற்ற வேண்டும். வரியும் கட்ட வேண்டும். வண்டியின் மதிப்பு கூடக்கூட இதுவும் கூடும். பழைய 1.6-ஐ விலை பேச உட்காரும்போது இந்த வரியையும் ஆண்டுதோறும் கூடுதலாகக் கட்டப்போகும் காப்பீட்டையும் ஒரு தாளில் எழுதி, விற்பவர் சொல்லும் தொகையிலிருந்து கழித்துவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். அவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.