லெராய் ஆண்டர்சனின் இசையை ஆண்டுக்கணக்கில் விரும்பிக் கேட்பது எப்படி

அமெரிக்க இசையமைப்பாளர் லெராய் ஆண்டர்சன் (1908–1975) ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதியவற்றில் பெரும்பாலானவை மூன்று நிமிட அளவிலேயே முடிந்துவிடும் சிறு படைப்புகள். அவற்றில் ஒன்றில் தட்டச்சுப்பொறி வாத்தியமாகிறது. ஒன்றில் கடிகாரம் தாளம் தவறுகிறது. இன்னொன்றில் வயலின்கள் பூனையைப் போல மியாவ் என்கின்றன. முதல் முறை கேட்கிறவர் முகம் மலராமல் இருப்பது அரிது. ஆனால் அந்த வேடிக்கை பழகியதும் இசையே தீர்ந்துவிட்டதாக நினைத்து விலகிப் போகிறவர்கள் பலர். எனக்கு இது மிகவும் வருத்தமளிக்கும் இழப்பு. ஏனெனில் அந்த வேடிக்கைப் பொருள் ஒவ்வொன்றுக்கும் அடியில், ஹார்வர்டில் வால்டர் பிஸ்டனிடமும் ஜார்ஜ் எனெஸ்குவிடமும் முறையாகப் பயின்ற ஒருவர் மிகுந்த கவனத்தோடு கட்டிய மெட்டும், ஸ்வரங்களை ஒருசேர ஒலிக்கவைக்கும் ஹார்மனியும் இருக்கின்றன. அவற்றைக் கேட்கப் பழகிக்கொண்டவருக்கு இந்த இசையின் மீதான பிரியம் வயதோடு கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. அவ்வாறு பழகிக்கொள்வதற்கு எனக்குப் பயன்பட்ட வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில், ஒரே மூச்சில் கேட்பதைக் கைவிட வேண்டும். ஆண்டர்சனின் ஒரு மணி நேரத் தொகுப்பை வரிசையாக ஓடவிட்டால், நான்கைந்து படைப்புகளுக்குள் காது சலித்துவிடும். குற்றம் இசையிலில்லை, கேட்கும் முறையில்தான் இருக்கிறது. அவற்றில் பல, ஆர்தர் ஃபீட்லர் நடத்திய பாஸ்டன் பாப்ஸ் குழுவை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பாஸ்டன் நகரின் சிம்பொனி அரங்கில், மேசைகளைச் சுற்றி அமர்ந்து சிற்றுண்டி அருந்தியபடி மக்கள் கேட்ட அந்த நிகழ்ச்சிகளில், கனமான படைப்புகளுக்கு நடுவிலோ, கைதட்டலுக்குப் பின் கூடுதலாகவோ இத்தகைய சிறு படைப்புகள் வாசிக்கப்பட்டன. நம் கச்சேரிகளில் பிற்பகுதியில் வரும் துக்கடாக்கள் இனிப்பதற்கு, அவற்றுக்கு முன் ஒரு ராகம் விரிவாகப் பாடப்பட்டிருப்பதும் காரணமல்லவா? ஆகவே ஒரு பிராம்ஸ் சிம்பொனியையோ பீத்தோவன் நால்வர் இசையையோ கேட்டு முடித்து, சிறிது நேரம் விட்டு, ஒரே ஒரு ஆண்டர்சனைக் கேளுங்கள். அதன் பிறகு அன்றைக்கு வேறொன்றும் வேண்டாம்.

இந்தக் குறுகிய அளவுக்கு இசைத்தட்டும் ஒரு காரணம். நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அக்காலத் தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நான்கு நிமிடங்களுக்கு மேல் இடமில்லை. 1938இல் ஃபீட்லருக்காக அவர் எழுதிய ‘ஜாஸ் பிட்ஸிகாடோ’ அந்த அளவுக்கும் சிறியது. ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். பக்கத்தை நிரப்புவதற்காகவே அதற்குத் துணையாக ‘ஜாஸ் லெகாடோ’ பிறந்தது. முதலாவதில் தந்திகள் விரலால் சுண்டப்படுகின்றன. இரண்டாவதில் வில் தந்தியைவிட்டு எடுக்கப்படாமல் நீண்டு இழைகிறது. இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், ஒரே தந்தி வாத்தியக் குழுவிடமிருந்து எத்தனை வேறுபட்ட குரல்களை அவரால் வாங்க முடிந்தது என்பது விளங்கும்.

இப்போது ‘த டைப்ரைட்டர்’ (1950). எல்லோரும் இதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நீங்களும் தொடங்கலாம், ஆனால் மூன்று முறை, மூன்று விதமாகக் கேளுங்கள். முதல் முறை டைப்ரைட்டருக்கே காதைக் கொடுத்துவிடுங்கள். இயன்றால் மேடையில் வாசிக்கப்படும் காணொளி ஒன்றையும் பாருங்கள். தட்டச்சுப் பயிலகங்களில் பயின்ற தலைமுறைக்கு அந்த மணியும் வரி முடிந்ததும் உருளையைத் தள்ளும் ஓசையும் கையிலேயே பதிந்திருக்கும். இளையவர்கள் பார்த்தால்தான் எந்த ஓசை எதிலிருந்து எழுகிறது என்று பிடிபடும். கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளாமல் இருக்க, பொறியில் இரண்டு விசைகள் மட்டும் இயங்கும்படி மாற்றிவைப்பது வழக்கம். அதை இயக்குபவர் ஆர்கெஸ்ட்ராவின் தாள வாத்தியக் கலைஞர். தொழில்முறைத் தட்டச்சர்களின் விரல்கள் இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க மாட்டா, மணிக்கட்டைக் கொண்டு வாசிக்கும் டிரம் கலைஞரால்தான் இயலும் என்று ஆண்டர்சனே விளக்கியிருக்கிறார்.

இரண்டாம் முறை, டைப்ரைட்டர் அங்கே இல்லை என்று எண்ணிக்கொண்டு கேளுங்கள். இது தொடக்கத்தில் கடினம். மனம் அந்த ஓசையின் பின்னாலேயே ஓடும். கட்டாயப்படுத்தி வயலின்களைப் பின்தொடருங்கள். அவை ஓடுகிற ஓட்டத்தைத் தனியே எடுத்தாலும் அது முழுமையான, நன்கு வளைந்து திரும்புகிற ஒரு மெட்டாக இருப்பதைக் காண்பீர்கள். மூன்றாம் முறை விசைகள் ஓய்ந்திருக்கும் கணங்களை மட்டும் கவனியுங்கள். மணி எங்கே ஒலிக்கிறது, அதற்குப் பிறகு எவ்வளவு இடைவெளி விடப்படுகிறது, அந்த இடைவெளியில் ஆர்கெஸ்ட்ரா என்ன செய்கிறது என்று பாருங்கள். ஓர் அலுவலக ஓசையை இசைக்கு மேல் ஒட்டிவைத்திருந்தால் இப்படிப் பொருந்தாது. இசை வாக்கியத்தின் முடிவும் தட்டச்சு வரியின் முடிவும் ஒன்றாகும்படி அவர் முதலிலிருந்தே திட்டமிட்டிருக்கிறார். இதை ஒருமுறை உணர்ந்துவிட்டவர், பின்னர் எத்தனை ஆண்டுகள் கழித்துக் கேட்டாலும் அந்த மணிக்காகக் காத்திருப்பார்.

‘த சிங்கோபேட்டட் க்ளாக்’ (1945) கேட்கும்போது கையால் தாளம் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு நான்காகத்தான் எண்ணிக்கை போகிறது; ஆதி தாளம் போடப் பழகிய கைக்கு இது எளிது. கடிகாரத்தின் டிக் ஒலியை மரக்கட்டை போன்ற தாள வாத்தியம் ஒன்று ஒழுங்காகத் தட்டிக்கொண்டே வரும்; திடீரென ஓரிடத்தில் அது உங்கள் கையைவிட்டு விலகி, எண்ணிக்கைக்கு நடுவில் விழும். உடனே எதுவும் நடவாததுபோல மீண்டும் சேர்ந்துகொள்ளும். கடிகாரத்தைப் பற்றி எழுதிய மற்றவர்களெல்லாம் அதை ஒழுங்காகவே ஓடவிட்டார்கள், தாளம் பிசகும் கடிகாரம் ஒன்றை எழுதலாமே என்ற எண்ணத்தில் முதலில் தலைப்பையும் பிறகே இசையையும் அவர் உருவாக்கினார். இந்தப் படைப்பில் நான் மிகவும் மதிப்பது அவருடைய அடக்கம்: பிசகு எப்போதாவதுதான் வருகிறது. அளவு தாண்டியிருந்தால் இரண்டாம் நாளே வெறுத்திருக்கும்.

இவற்றுக்குப் பிறகு, வேடிக்கைப் பொருள் எதுவுமே இல்லாத படைப்புகளுக்குப் போய்விட வேண்டும். நிலைத்த பிரியம் வேரூன்றுவது இங்கேதான். 1951இல் எழுதிய ‘பெல் ஆஃப் த பால்’ ஒரு வால்ட்ஸ் நடனம். சாய்ந்து எழும் அதன் மெட்டு ஒரு பெரிய நடன அரங்கையே கண்முன் கொண்டுவரும். 1947இன் ‘செரினாட்டா’ இருண்ட மைனர் ஸ்வர வரிசையில் தொடங்கி ஒளியான மேஜர் வரிசைக்குத் திறக்கிறது; அந்த மாற்றம் நிகழும் கணத்தைக் குறித்துவைத்துக்கொண்டு, அதற்கு முன்னால் அடித்தள வாத்தியங்கள் எப்படி வழி செய்கின்றன என்று கேளுங்கள். 1954இன் ‘ஃபர்காட்டன் ட்ரீம்ஸ்’ பியானோவில் மெல்ல நகரும் எளிய மெட்டு. ஓரளவு கீபோர்டு வாசிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே வாசித்துப் பார்க்கலாம். அப்படி வாசிக்கும்போதுதான், காதுக்கு எளிதாகத் தோன்றிய மெட்டின் கீழே இடது கை எத்தனை நுட்பமான ஸ்வரச் சேர்க்கைகளைத் தொட வேண்டியிருக்கிறது என்று தெரியவரும்.

ட்ரம்பெட்டுக்காக அவர் எழுதிய இரண்டை ஒன்றாக வைத்துக் கேட்பது எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. பாஸ்டன் குழுவின் முதன்மை ட்ரம்பெட் கலைஞர் ரோஜர் வாய்சின், தம் வாத்தியத்துக்கென ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார். ட்ரம்பெட் என்றால் முழக்கமும் வெற்றி அறிவிப்பும்தான் என்ற வழக்கத்தை விட்டு, ஆண்டர்சன் 1949இல் அதற்கு ஒரு தாலாட்டை எழுதினார்: ‘எ ட்ரம்பெட்டர்ஸ் லல்லபை’. படைமுகாமில் ஊதப்படும் ஊதுகொம்பின் ஸ்வரங்களே இங்கே குழந்தையை உறங்கவைக்கின்றன. கீழே மற்ற வாத்தியங்கள் தொட்டிலைப் போல ஆடிக்கொண்டிருக்கின்றன. ஐந்து ஆண்டுகள் கழித்து எழுதிய ‘ப்யூக்ளர்ஸ் ஹாலிடே’யில் மூன்று ட்ரம்பெட்டுகள் ஒரே வேகத்தில் ஒன்றையொன்று ஒட்டிப் பறக்கின்றன. இதில் மூன்றாவது ட்ரம்பெட்டைத் தனியே பின்தொடர முயலுங்கள். நல்ல செவிப்பயிற்சி அது.

அவருடைய வாழ்க்கையைப் பற்றிச் சிறிதேனும் அறிந்துகொள்வது பிரியத்தை ஆழமாக்கும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜில், ஸ்வீடனிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த தாயே முதல் ஆசிரியர். இசையோடு ஸ்காண்டிநேவிய மொழிகளையும் ஜெர்மனையும் ஆழ்ந்து பயின்றார். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க இராணுவம் அவரை மொழிபெயர்ப்பாளராக ஐஸ்லாந்துக்கு அனுப்பியது. அங்கே ஐஸ்லாந்து மொழிக்கு ஒரு பாடநூலே எழுதினார். கடிகாரப் படைப்பு உருவானபோதுகூட அவர் இராணுவ உளவுப் பிரிவில் பணியில்தான் இருந்தார். சொல்லைச் சிக்கனமாகச் செலவிடும் ஒரு மொழியறிஞரின் மனம் அவர் இசையிலும் இயங்குவதாக நான் நினைக்கிறேன். எங்கே நிறுத்துவது என்பதில் அவருக்குத் தயக்கமே இருந்ததில்லை.

குதிரை இழுக்கும் பனிவண்டியில் செல்வதைச் சித்திரிக்கும் ‘ஸ்லே ரைட்’டைத் தனியே சொல்ல வேண்டும். உலகமெங்கும் டிசம்பர் மாதக் கடைகளில் அது ஓயாமல் ஒலிப்பதால், அதைக் கேட்கும் காதையே பலர் இழந்துவிட்டார்கள். அதை டிசம்பரில் கேட்காதீர்கள். சித்திரை வெயிலில், மின்விசிறியின் கீழ் அமர்ந்து கேளுங்கள். இது விளையாட்டுக்காகச் சொல்வதன்று. கனெக்டிகட் மாநிலத்தின் உட்பரியில், 1946 ஜூலையின் கடும் வெப்பத்தில்தான் அவர் அதை எழுதத் தொடங்கினார். 1948 பிப்ரவரியில் முடித்தார். அவ்வாண்டு மே மாதம் ஃபீட்லர் அதை முதன்முதலில் வாசிக்கச் செய்தார். வார்த்தைகள் 1950இல்தான் மிட்செல் பாரிஷால் எழுதிச் சேர்க்கப்பட்டன. அவற்றிலும் கிறிஸ்துமஸ் பற்றிய பேச்சு இல்லை. ஆகவே பாடல் வடிவத்தை ஒதுக்கிவைத்து ஆர்கெஸ்ட்ரா வடிவத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சலங்கை, குளம்போசை, சவுக்கு, முடிவில் ட்ரம்பெட் எழுப்பும் குதிரைக் கனைப்பு ஆகிய நான்கையும் கண்டுகொண்ட பிறகு அவற்றை மறந்துவிடுங்கள். நடுப்பகுதியில் சுருதி எதிர்பாராத இடத்துக்கு இடம்பெயர்ந்து, பின் இயல்பாகத் திரும்பி வருவதையும், பிற்பகுதியில் முதல் மெட்டே ஜாஸ் நடையில் துள்ளி வருவதையும் தேடிப் பிடியுங்கள். இந்த இரண்டுக்காகவே நான் அதை அவருடைய முதல் தரப் படைப்புகளில் வைக்கிறேன்.

பதிவுகளைப் பொறுத்தவரை, ஒரே படைப்பை வெவ்வேறு நடத்துநர்களிடம் கேட்பது அலுப்பைத் தடுக்கும் மிகச் சிறந்த வழி. ஆண்டர்சனே தம் குழுவை நடத்தி 1950 முதல் டெக்கா நிறுவனத்துக்காகப் பதிவுசெய்தவை முதன்மையானவை. 1952இல் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் உச்சிக்குச் சென்ற ‘ப்ளூ டாங்கோ’ அவற்றில் ஒன்று. அவர் தம் இசையை மிகைப்படுத்தாமல், நேராக, சீரான வேகத்தில் நடத்துகிறார். நகைச்சுவையைக் கேட்பவரே கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். அடுத்து மெர்குரி நிறுவனத்துக்காக ஃபிரெடரிக் ஃபென்னல் நடத்தியவற்றையும், பிறகு பிபிசி கச்சேரி ஆர்கெஸ்ட்ராவோடு லெனார்ட் ஸ்லாட்கின் நாக்ஸோஸுக்காக ஐந்து தொகுதிகளில் பதிவுசெய்தவற்றையும் கேளுங்கள். அதிகம் கேட்கப்படாத படைப்புகளைத் தேடுகிறவர்களுக்கு இந்த ஐந்து தொகுதிகள் போதும்.

அவற்றிலேயே பியானோ கான்செர்டோவும் (தனிப் பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) இருக்கிறது. 1953இல் சிகாகோவில் அரங்கேறிய அந்த நீண்ட படைப்பில் மனநிறைவு கொள்ளாமல் ஆண்டர்சன் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். அவர் மறைந்த பின், 1980களின் இறுதியில் குடும்பத்தினர்தான் வெளியிட்டார்கள். சிறு படைப்புகள் எல்லாம் நன்கு பழகிய பிறகு இதற்கு வாருங்கள். கட்டுமானத்தில் அவர் ஐயம் கொண்டதற்குக் காரணம் இருக்கலாம். ஆயினும் மெட்டுகள் வழிந்தோடுகின்றன. 1958இன் ‘கோல்டிலாக்ஸ்’ மேடை நாடக இசையை, ஆர்வம் மிகுந்தால் மட்டும் தேடினால் போதும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால், தலைப்பைச் சொல்லாமல் ‘சேண்ட்பேப்பர் பாலே’யை ஒலிக்கவிட்டு, அந்த உரசல் ஒலி எதிலிருந்து வருகிறது என்று கேளுங்கள். பிறகு உப்புத்தாளை மரக்கட்டைகளில் சுற்றி உரசிக் காட்டுங்கள். சொரசொரப்பு மாறினால் ஒலியும் மாறுவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். பெரியவர்களுக்கு அறிமுகம் செய்வதானால் மாறாக, ‘செரினாட்டா’விலோ ட்ரம்பெட் தாலாட்டிலோ தொடங்கி, டைப்ரைட்டரைக் கடைசிக்கு வையுங்கள், முதலில் மதிப்பு ஏற்பட்டுவிட்டால் வேடிக்கை அதைக் குலைக்காது.

ஓராண்டுக்கு மேல் இப்படிக் கேட்ட பின், இதே வகையில் எழுதிய ஆங்கிலேயர் எரிக் கோட்ஸிடம் (1886–1957) சில வாரங்கள் தங்குங்கள். 1930இல் அவர் எழுதிய ‘பை த ஸ்லீப்பி லகூன்’, 1942இல் தொடங்கிய பிபிசி வானொலியின் ‘டெசர்ட் ஐலண்ட் டிஸ்க்ஸ்’ நிகழ்ச்சியின் முகப்பிசையாக இன்றும் ஒலிக்கிறது. வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவை வாசித்த கோட்ஸின் தந்தி வாத்தியங்கள் தாராளமாக, நிறைந்து பாடும். அந்தச் செழுமையில் ஊறிவிட்டு ஆண்டர்சனிடம் திரும்பும்போது, அவர் எவ்வளவு குறைவான ஸ்வரங்களால் வேலையை முடிக்கிறார் என்பதும், ஒவ்வொரு வாத்தியத்தைச் சுற்றியும் எவ்வளவு காற்றோட்டம் விட்டிருக்கிறார் என்பதும் முன்னெப்போதையும்விடத் தெளிவாகக் கேட்கும்.