பழைய கச்சேரிக் கணக்கேட்டில் கால் இடறும் இடங்கள்

இலங்கையில் கண்டி, நுவரெலியா, பதுளைக் கச்சேரிகளின், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகங்களின், பழைய வருமானக் கணக்குகளைப் புரட்டுகிறவர்கள் முதலில் சறுக்குவது காசில்தான். நானும் சறுக்கினேன். மூன்று நிரல்களில் 12, 15, 6 என்று இருந்ததை 12.156 என்று கணினியில் ஏற்றினேன். ஏடு பாதி முடிந்த பிறகுதான் உறைத்தது. அது 12 பவுண், 15 ஷில்லிங், 6 பென்ஸ். ஒரு பவுணுக்கு 20 ஷில்லிங், ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஆக 12.775 பவுண்.

1872 முதல் ரூபாயும் சதமும் வருகின்றன. ரூபாய்க்கு 2 ஷில்லிங் என்று கொண்டால் மேற்படி தொகை 127 ரூபாய் 75 சதம். இதே விகிதத்தை 1890களுக்கும் இழுத்துச் செல்லாதீர்கள். வெள்ளி விலை சரிந்ததில் ரூபாயின் மதிப்பும் வெகுவாகச் சரிந்திருந்தது. 1825க்கு முந்திய ஏடு கையில் கிடைத்தால் ரிக்ஸ் டாலர் என்ற பழைய நாணயக் கணக்கு. ஒரு ரிக்ஸ் டாலருக்கு 12 பணம், பணம் என்பது அன்றைய சிறு நாணயம்.

அடுத்தது எல்லை. 1886இல் மத்திய மாகாணத்திலிருந்து பதுளைப் பக்கத்தைப் பிரித்து ஊவா மாகாணம் அமைத்தார்கள். அதற்கு முந்திய, பிந்திய மாகாணத் தொகைகளை அப்படியே ஒப்பிட்டுவிட்டு, கோப்பிப் பயிர் அழிந்ததால்தான் வருமானம் இவ்வளவு குறைந்தது என்று எழுதிவிடக் கூடாது. இலை நோய் 1869இலேயே வந்தது, அழிவும் உண்மைதான். ஆனால் பதுளை வேறு ஏட்டுக்குப் போனதைக் கழித்துவிட்டே பேச வேண்டும்.

நெல்வரிதான் எனக்கு அதிகம் உறுத்துவது. வரி வந்திருக்கிறது, ஆகவே விளைச்சல் நன்றாக இருந்தது என்று முடிவுகட்டுகிறார்கள். பல இடங்களில் அறுவடை எப்படி இருந்தாலும் குறித்த தொகையைக் காசாகவே கட்ட வேண்டியிருந்தது. 1880களில் வலப்பனையில் பாக்கிக்காக வயல்களையே ஏலம் விட்டார்கள். நிரலில் ஒழுங்காக நிற்கும் எண்ணுக்குப் பின்னால் காணி இழந்த குடும்பங்கள் இருக்கின்றன. 1892இல் வரியை ஒழித்தார்கள். அதன் பின் அந்தத் தலைப்பு காணாமல் போவதைப் பஞ்சம் என்று எண்ண வேண்டாம். வயலின் அளவாக எழுதியிருக்கும் அமுணமும் விதைப்புக் கணக்கு, அதாவது அதில் விதைக்கும் நெல்லின் அளவை வைத்துச் சொல்வது. எல்லா ஊருக்கும் ஒரே ஏக்கர் கணக்கு போடாதீர்கள்.

தாத்தா, பாட்டி பெயரைத் தேடி இந்த ஏடுகளுக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் பார்க்க வேண்டியது தோட்டத்துச் செக்ரோல், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேடு. கச்சேரி ஏட்டில் பெரும்பாலும் தோட்டத்தின் பெயர் மட்டுமே இருக்கும், அதுவும் தோட்டத்துரை வைத்த பெயர்.